தந்தை கையொப்பமிடும் கட்டம்

என் மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று ஒரு கையேடு கொடுத்தார்கள். வழவழப்பான அட்டை. முதல் பக்கத்தில் மாதா படம், அடுத்த பக்கத்தில் பள்ளியின் நோக்கம், அதற்கடுத்த பக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் விதிமுறைகள். மூன்றரை வயதுப் பிள்ளை என்னென்ன குற்றங்களெல்லாம் செய்யக்கூடும் என்று யாரோ தனியாக உட்கார்ந்து, நல்ல கற்பனை வளத்தோடு யோசித்து எழுதியிருந்தார்கள். ரிப்பன் கருநீலம்தான், வெறும் நீலம் கூடாது. டிபன் பாக்ஸில் வாடை வரும் பதார்த்தம் கூடாது. பள்ளிக்கூடம் இருப்பதோ படகுத் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில். காற்று திரும்பினால் ஹெச்.எம். அறையிலிருந்து சிற்றாலயம்வரை எல்லா இடத்துக்கும் கருவாட்டு வாடை அனுமதி கேட்காமல் நுழைந்துவிடும். அதற்காக எந்தப் பெற்றோரையும் கூப்பிட்டு விசாரித்ததாகத் தெரியவில்லை.

நான் பரமக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, பி.காம். முடித்து, அந்தப் பட்டத்தை இன்றுவரை பீரோவில் பத்திரமாக வைத்திருப்பவள். கல்யாணமாகி ராமேஸ்வரம் தீவுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கத்தாரில் எலக்ட்ரீஷியன். என் மகளாவது தஸ்ஸு புஸ்ஸென்று இங்கிலீஷ் பேச வேண்டும் என்ற ஆசை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. அதனால் கையேட்டை இரண்டு கையாலும் வாங்கி, கடைசித் தாளில் ‘அனைத்தையும் படித்து ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் கள்ளக் கையெழுத்து வாழ்க்கை அங்கே தொடங்கியது என்றும் சொல்லலாம்.

வீட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும் என்பது ஒரு விதி. ஒரு சாயங்காலம் முழுக்க முயன்று பார்த்தேன். வா, போ, சாப்பிடு, தூங்கு என்பதோடு என் ஆங்கிலப் பாசம் தீர்ந்துபோனது. பிள்ளை என்னவோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து அழ ஆரம்பித்ததும் அந்த விதியைக் கைகழுவினேன்.

மதிப்பெண் விதிகள் அப்படிக் கைகழுவக் கூடியவை அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து மாதா மாதம் ஆங்கில வாசிப்புத் தேர்வு. அறுபதுக்குக் கீழே வாங்கினால் டைரியில் சிவப்பு மையில் ‘முன்னேற்றம் தேவை’ என்று வரும். தொடர்ந்து இரண்டு மாதம் வந்தால் தாயும் தகப்பனும் நேரில் வந்து உறுதிமொழிக் கடிதம் கொடுக்க வேண்டும். மூன்றாம் மாதமும் வந்தால், ‘தங்கள் குழந்தைக்குப் பொருத்தமான வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.’ சின்ன வகுப்புகளில் யாரையும் ஃபெயில் போடக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. எங்கள் பள்ளி சட்டத்தை மதிக்கிற பள்ளி. யாரையும் ஃபெயில் போடாது. டி.சி.யைக் கையில் கொடுத்து, ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று அனுப்பிவைக்கும்.

இந்த எல்லா விதிகளுக்கும் மகுடம் வைத்தாற்போல ஒன்று இருந்தது. தினமும் தந்தை குழந்தையோடு இருபது நிமிடம் உட்கார்ந்து, ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்க வைத்து, டைரியில் அதற்கென்று உள்ள கட்டத்தில் கையொப்பமிட வேண்டும். தந்தை. அடைப்புக்குறிக்குள் தாய் என்றோ, அல்லது என்றோ எதுவும் கிடையாது. தாய்க்கும் கையேட்டில் இடம் கொடுத்திருந்தார்கள். நகம் வெட்டலாம், பேன் பார்க்கலாம், ரிப்பனை இரட்டை முடிச்சாகக் கட்டலாம்.

எங்கள் கரையில் தகப்பன்மார்கள் இரண்டு வகை. ஒரு வகை கடலில் இருக்கும், இன்னொரு வகை கடல் தாண்டி இருக்கும். விசைப்படகுக்குப் போகிறவர்கள் மீன்துறை அலுவலகத்தில் கடலுக்குப் போக டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. வந்து மீனை இறக்கி, வலையைச் சரிபார்த்து, சாப்பிட்டுக் கண்ணை மூடினால் அடுத்த டோக்கன் வந்துவிடும். வளைகுடாவுக்குப் போனவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சென்ட் வாசனையோடு வந்து போவார்கள். இந்தக் கையேட்டை எழுதிய ஊரில் தகப்பன்மார் எல்லோரும் மாலை ஆறு மணிக்குத் தோல்பையோடு வந்து, முகம் கழுவி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “வா கண்ணே, வாசிக்கலாம்” என்பார்கள் போலிருக்கிறது. நல்ல ஊர்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கணவர் முதல் வகை. அவர்கள் பள்ளியை நடத்துகிற அதே கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. ஒன்றாம் வகுப்பு தொடங்கின இரண்டாவது நாள், ஐஸ் கம்பெனி வாசலில் பள்ளி வேனுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவள் டைரியை நீட்டினாள்.

“யக்கா, அவுக கடலுக்குப் போய்ட்டாக. கட்டம் காலியா இருந்தா மிஸ்ஸு புள்ளைய வெளிய நிப்பாட்டுவாகளாம். நீங்க இங்கிலீஸ்ல ஒண்ணு போட்டு விடுங்களேன்.”

போட்டேன். என் வீட்டுக்காரருக்கு நான் ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்ததால் கை பழகியிருந்தது. மறுநாள் இன்னொருத்தி வந்தாள். ஒரு மாதத்தில் ஐந்து தகப்பன்மார்களுக்கு நான் ஒருத்தி ஆகிவிட்டேன். வேன் வருவதற்குள் ஐந்து டைரியும் முடிந்துவிடும். வேன் டிரைவரே, “ஆபீசு முடிஞ்சுச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்திருந்தது. பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம். ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்தை நானே வடிவமைத்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டதுதான் அதில் அருமை. முதல் எழுத்தை அகலமாகச் சுழற்றி, பாய்மரம் மாதிரி நிமிர்த்தி, கீழே ஒரு கோடிழுத்து, இரண்டு புள்ளி வைப்பேன். ஏதோ மாவட்ட ஆட்சியர் மனுவில் போட்டது போலக் கம்பீரமாக இருக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் மிஸ் அதற்குப் பக்கத்தில் தினமும் சிவப்பில் ஒரு சரி போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது டைரி பார்க்கிறவருக்கு அதற்கு மேல் செய்ய நேரம் ஏது.

பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் போன படகு திரும்பி வரவில்லை. எல்லை தாண்டினார்கள் என்று அக்கரையில் பிடித்து வைத்திருப்பதாக மத்தியானம் செய்தி வந்தது. ஏழு பேர். மறுநாள் பேப்பரில் ஏழு பேரின் பெயரும் வயதும் வந்தன. படகுத் துறையில் கூட்டம், மனு, ஆர்ப்பாட்டம் என்று எல்லாம் வழக்கப்படி நடந்தன. எங்கள் ஊரில் இதற்கு ஒரு ஒழுங்குமுறையே உண்டு.

பேப்பரில் பெயர் வந்த அன்று காலையும் அவள் மகளை வேனுக்குக் கூட்டி வந்தாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கிக் கிடந்தது. பிள்ளையின் ரிப்பன் மட்டும் கருநீலத்தில் இரட்டை முடிச்சாக ஒழுங்காக இருந்தது. அந்தப் பெண் பிள்ளைதான் பையைத் திறந்து டைரியை எடுத்தது.

“பெரியம்மா, அப்பா கையெழுத்து.”

“இன்னைக்கு வேணாம்டா. மிஸ்ஸுக்கு நான் எழுதித் தாரேன்.”

“இல்ல, போடுங்க. நாளைக்கும் போடுவீகல்ல?”

அதன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். பாய்மரம், கோடு, இரண்டு புள்ளி. பிள்ளை அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டைரியை மூடிப் பையில் வைத்துக்கொண்டது. மறுநாளும் போட்டேன். அதற்கு மறுநாளும். அவர் அக்கரைச் சிறைக்குப் போன முதல் பத்தொன்பது நாளும், தினமும் இருபது நிமிடம் மகளை வாசிக்கவைத்துக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளியிலும் அவர்களுக்காக மனமுருகினார்கள். தினமும் காலை வணக்கத்தில், சிறைப்பட்ட நம் மீனவ சகோதரர்கள் ஏழு பேரும் விடுதலையாக வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். என் மகள் வந்து சொல்வாள். அந்த ஜெபம் முடிந்து அரை மணி நேரத்தில், அந்த ஏழு பேரில் ஒருவர் நேற்று வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்ததற்குச் சிவப்பில் சரி விழும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஜெபம் ஒரு பீரியட், டைரி வேறு பீரியட்.

தோன்ற வைத்தது வாசிப்புத் தேர்வு. அந்தப் பிள்ளைக்கு முந்தின மாதமே ஐம்பத்தெட்டு. இந்த மாதம் வாய் திறக்கவே இல்லை போல. முப்பத்தொன்று. இரண்டாவது சிவப்பு. விதிப்படி ‘தந்தையும் தாயும் ஹெச்.எம்.மைச் சந்திக்கவும்’ என்று எழுதி வந்தது.

“யக்கா, அவுகளுக்கு நான் எங்கிட்டுப் போறது? நீங்க கூட வாங்க” என்றாள் அவள். போனேன்.

ஹெச்.எம். சிஸ்டர் கோபப்படவே மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. கோபப்பட்டால் நாமும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசலாம். அவர் எழுந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரியின் இரண்டு கையையும் பிடித்து, “தைரியமா இருங்க, நாங்க தினமும் ஜெபிக்கிறோம்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை. பிறகு உட்கார்ந்து, பிள்ளையின் டைரியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது யார் போட்டது?”

“நாந்தான் சிஸ்டர்” என்றாள் அவள் பட்டென்று. எட்டாவதுவரை தமிழில் படித்தவள்.

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் நகர்த்தினார். “ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.”

அவள் பேனாவை எடுத்தாள். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளக் கையொப்பத்துக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு சிவப்பு, மூன்று சிவப்பு என்றெல்லாம் தவணை கிடையாது. நேராக டி.சி. நான் வாயைத் திறந்தால் என் மகளுக்கும் அதே டி.சி. நான் ஒன்றும் உடனே பாய்ந்து உண்மையைச் சொல்லிவிடவில்லை. சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். என் மகள் வகுப்பில் இரண்டாவது ரேங்க் என்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இப்போதும் லேசாக இருக்கிறது. அவள் பேனாவைத் தாளில் வைத்து முதல் கோட்டை இழுக்கத் தொடங்கிய பிறகுதான், “நான் போட்டது சிஸ்டர்” என்றேன்.

“தெரியும்” என்றார் சிஸ்டர். மேசை டிராயரிலிருந்து என் மகளுடைய டைரியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். “ஒரே பேனா. உங்க ஹஸ்பண்ட் ஊருக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?”

“ஒன்றரை வருஷம் சிஸ்டர்.”

“நேத்து சைன் பண்ணியிருக்காரே.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடக்கிக்கொண்டேன். அடக்கின சிரிப்பு கோபமாக மாறிவிட்டது. “வாசிக்கவச்சது நெசம் சிஸ்டர். தெனமும் நாந்தான் உக்காந்து வாசிக்கவக்கிறேன். கட்டத்துல தந்தைன்னு போட்டிருக்கு, நான் என்ன செய்யட்டும்? தந்தை அல்லது தாய்னு போட்டா என்ன கொறஞ்சுபோகும்?”

சிஸ்டர் பொறுமையாக விளக்கினார். கையேடு இங்கே எழுதுவதில்லை. சபையின் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்துத் தலைமை இல்லத்தில் அச்சாகி வருகிறது. கட்டத்தை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மன்னிக்க அதிகாரம் இருந்தது. டி.சி. இல்லை, எச்சரிக்கை மட்டும். என் வீட்டுக்காரர் கத்தாரிலிருந்து ஓர் ஒப்புதல் கடிதம் அனுப்பினால் நான் என் பெயரில் போடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் பெரிய சலுகை. தகப்பன் திரும்பி வரும்வரை அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். வாசிப்பில் தேற வருஷக் கடைசிவரை அவகாசம். அதற்குப் பிறகும் அறுபது வராவிட்டால் மட்டும் வேறு பள்ளி. எனக்குத் தெரிந்து அந்தப் பள்ளி யாருக்காகவும் ஒரு விதியைத் தளர்த்தியது அதுதான் முதல் தடவை. பார்த்துப் பார்த்து, அந்தப் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதைத்தான் காலி செய்தார்கள்.

மறுநாள் ஐஸ் கம்பெனி வாசலில் பழக்கதோஷத்தில் பிள்ளை டைரியை நீட்டியது. பிறகு ஞாபகம் வந்து, தானே மடக்கிக்கொண்டது. “சிஸ்டர் வேணாம்னு சொல்லிட்டாக, இல்ல?” என்றது. நான் பேனாவை மூடிப் பையில் போட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையேட்டை அந்த இடத்திலேயே ஐஸ் உடைக்கிற மிஷினில் கொடுத்திருப்பேன்.

அதன்பிறகு பிள்ளையின் அம்மா ஒரு காரியம் செய்தாள். சாயங்காலமானால் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆங்கிலப் புத்தகத்தை மடியில் விரித்து, வரியில் விரலை வைத்துக்கொள்வாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மகள் நிறுத்தினால் அவள் விரலும் நிற்கும். மகள் தட்டித் தடுமாறி அடுத்த வார்த்தைக்குப் போனால் விரலும் போகும். தெரியாத வார்த்தை வந்தால் இரண்டு பேரும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிடுவார்கள். இருபது நிமிஷமில்லை, ஒரு மணி நேரம் ஓடும். அதைக் குறித்துக்கொள்ள டைரியில் கட்டம் இல்லாததால் பள்ளிக்கு அது கடைசிவரை தெரியாது. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தேழு என்று ஏறி, பிப்ரவரியில் பிள்ளை அறுபத்துமூன்று வாங்கியது. கடைசித் தேர்வு ஒன்று பாக்கி. அதில் தவறினால் டி.சி. டைரியில் காலிக் கட்டங்கள் பக்கம் பக்கமாகப் போயின.

மார்ச்சில் ஏழு பேரையும் விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாதியாக இளைத்து, தாடியோடு வந்தார். வந்த மறுநாள் காலை, தூங்கவிடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது பிள்ளை. ஐஸ் கம்பெனி வாசலில் எல்லோரும் பார்க்க, டைரியைத் திறந்து அவர் கையில் கொடுத்தது. அவர் வைத்து எழுத ஓர் இடம் தேடி, கடைசியில் முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினார். தமிழில், இன்ஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்தி. எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பிள்ளை அதை வேனில் ஏறிய பிறகும் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் டைரி திரும்பி வந்தது. அவர் கையெழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர் என்னிடம் கொண்டு வந்து காட்டினார். படித்துச் சொன்னேன். “கையொப்பம் முந்தைய கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை. தந்தை நேரில் வந்து விளக்கவும்.”

காலிக் கட்டத்தைப் பற்றி மட்டும் மிஸ்ஸிடம் சொன்ன சிஸ்டர், பழைய கையெழுத்து யாருடையது என்று சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“அங்கனயும் இதத்தான்க்கா கேட்டாக. நீதானா நீ, நீதானா நீன்னு அஞ்சு மாசமா. இங்கனயுமா?”

“நான் நாளைக்கே போய் சிஸ்டர்ட்ட பேசுறேன். நறுக்குன்னு கேக்குறேன்” என்றேன்.

“வேணாம்க்கா. பரிச்ச இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகி, டி.சி.யக் குடுத்துட்டா?” கொஞ்ச நேரம் டைரியின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். “நீங்க போடுறத ஒருக்கா மெதுவாப் போட்டுக் காட்டுங்க.”

மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மெதுவாகப் போட்டுக் காட்டினேன். நங்கூரம் தூக்கிக் காய்த்துப்போன கை, அந்தச் சுழி வளையவில்லை. பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தார். மகள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, “அப்பா, இன்னும் நிமித்திப் போடுங்க. கீழ கோடு. புள்ளி ரெண்டு, ஒண்ணு இல்ல” என்று சொல்லிக்கொடுத்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் போட்டது அச்சு அசலாக நான் போட்டது போலவே இருந்தது. சாயங்காலம் டைரியில் சிவப்பில் ஒரு சரி விழுந்திருந்தது. அந்தப் பிள்ளைக்கு அவர்தான் தகப்பன் என்று பள்ளி ஏற்றுக்கொண்டுவிட்டது.